மிசரி: காப்பாத்தினவங்க கையில சாவி

1/
நைட் ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல. பழைய படம் ஏதாவது பாக்கலாம்னு 'மிசரி' போட்டேன்.

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி எட்டு பேர் உட்கார்ந்து பார்த்த படம். அன்னைக்கு எல்லாரும் அலறினது அந்தச் சுத்தியல் காட்சிக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பத்து வருஷம் வேலை பார்த்த பிறகு இப்போ பார்த்தப்போ என் வயித்தைப் பிசைஞ்சது வேற ஒரு காட்சி.

ஒரு நர்ஸ், படுக்கையில கிடக்கிற நோயாளிக்கு வலி மாத்திரை கொடுக்கிற காட்சி.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். கதை முழுக்க வரும். படம் பாக்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

2/
முதல்ல அடிப்படை விவரம்.

ஸ்டீபன் கிங் 1987-ல எழுதின நாவல். 1990-ல ராப் ரெய்னர் இயக்கத்துல படமா வந்தது. திரைக்கதை வில்லியம் கோல்ட்மேன். எழுத்தாளர் பால் ஷெல்டனா ஜேம்ஸ் கான். அவரோட வெறித்தனமான ரசிகை ஆனி வில்க்ஸா கேத்தி பேட்ஸ். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவங்களுக்குக் கிடைச்சது.

தமிழ்லயும் இந்தக் கதை வந்திருக்கு. பாலுமகேந்திரா 2003-ல எடுத்த 'ஜூலி கணபதி'. அந்த ரசிகையா சரிதா, எழுத்தாளரா ஜெயராம். பாத்தவங்களுக்குச் சரிதாவோட கண்ணு மறந்திருக்காது.

3/
கதை சுருக்கமா.

'மிசரி'ங்கிற பெண்ணை நாயகியா வெச்சு வரிசையா நாவல் எழுதிப் பணமும் புகழும் சம்பாதிச்சவர் பால். அலுத்துப்போய், கடைசி நாவல்ல அவளைச் சாகடிச்சுட்டு, வேற மாதிரி ஒரு நாவல் எழுதி முடிக்கிறார். அதை எடுத்துக்கிட்டு கொலராடோ மலையில இருந்து கார்ல இறங்கும்போது பனிப்புயல். கார் பள்ளத்துல உருளுது.

கண் முழிச்சா ஒரு வீட்டுப் படுக்கை. பக்கத்துல ஆனி. நர்ஸா வேலை பார்த்தவர். பாலோட புத்தகங்களை மனப்பாடமா சொல்லக்கூடியவர்.

ரோடு மூடிக் கிடக்கு, போன் வேலை செய்யல, சரியானதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறேன்னு சொல்கிறார்.

அனுப்பவே இல்லை.

4/
இங்க ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். ஆனி அவரை உண்மையிலேயே காப்பாத்தினவர்.

ரெண்டு கால்லயும் எலும்பு முறிஞ்சிருக்கு. தோள்பட்டை இறங்கியிருக்கு. அந்தக் குளிர்ல இன்னும் சில மணி நேரம் கிடந்திருந்தா பால் செத்திருப்பார். காரை நெம்பித் திறந்து, தோள்ல தூக்கிட்டு வந்து, தோள்பட்டையை இடத்துல உட்கார வெச்சு, காலுக்குச் சிம்பு கட்டி, டிரிப் போட்டு... ஒரு ஆளா அத்தனையும் செய்தது சாதாரண வேலை இல்லீங்க.

படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் வரைக்கும் ஒரு டாக்டரா எனக்கு ஆனி மேல மரியாதைதான் இருந்தது.

5/
ஆனா ஒரு இடம் உறுத்துச்சு.

காலோட எலும்பு தோலைக் கிழிச்சுட்டு வந்திருக்குன்னு ஆனியே சொல்கிறார். 'காம்பவுண்ட் ஃப்ராக்சர்'னு சொல்வோம். இதை வீட்டுல வெச்சுப் பாக்கவே கூடாது. காயத்தை ஆபரேஷன் தியேட்டர்ல கழுவணும், ஊசி மூலமா ஆன்டிபயாடிக் போகணும். தாமதம் ஆனா எலும்புக்குள்ள சீழ் பிடிக்கும். சில நேரம் காலே போகும். இது எந்த நர்ஸுக்கும் தெரியும்.

ஆக, தெரிஞ்சேதான் வெச்சிருக்கார். அவர் காப்பாத்தினது பாலோட உயிரை. பாலோட கால் சரியாகணும்ங்கிற அவசரம் அவருக்கு இல்லை.

6/
இப்போ அந்த மாத்திரைக் காட்சிக்கு வரேன்.

வலியில துடிக்கிற ஒரு ஆளுக்கு உலகத்துலயே பெரிய ஆள் யார் தெரியுமா? மாத்திரை டப்பாவைக் கையில வெச்சிருக்கிறவங்கதான். அது எப்போ வரும், எத்தனை வரும், எல்லாமே அவங்க மனசைப் பொறுத்தது. சாப்பாடு அவங்க கொடுத்தாத்தான். ஒண்ணுக்குப் போக அவங்க வந்தாத்தான். கதவு அவங்க திறந்தாத்தான்.

நாவல்ல இது இன்னும் கொடூரமா வரும். மாத்திரையைத் தராம நிறுத்தி வெச்சே அவரைப் பணிய வைப்பார் ஆனி.

புது நாவலோட கையெழுத்துப் பிரதியைப் பால் தன் கையாலேயே கொளுத்துகிறார். ஒரே பிரதிங்க அது. கோடாரியும் துப்பாக்கியும் வெளிய வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடக்குது இது. எழுந்து ஓட முடியாத ஒரு உடம்பும், அதைப் பராமரிக்கிற ஒரு ஆளும் போதும். வேற ஆயுதம் தேவைப்படல.

இதுக்குத்தான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஏன்னா அந்த டப்பாவைத் தினமும் கையில வெச்சிருக்கிற வேலை என் வேலை.

7/
இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தச் சுத்தியல்.

நாவல்ல கோடாரியால பாதத்தையே வெட்டுவார். படத்துல அதை மாத்திட்டாங்க. ரெண்டு கணுக்காலுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையை வெச்சு, பெரிய சுத்தியலால ஒரு அடி. அப்புறம் அடுத்த கால்.

இதுல நிறைய பேர் கவனிக்காம விடுறது, அவர் எப்போ அடிக்கிறார்ங்கிறதை.

பால் செத்துப் பிழைச்சுக் கிடந்தப்போ அவர் காலைத் தொடல. சக்கர நாற்காலியில வீட்டைச் சுத்திப் பார்க்கிற அளவுக்குத் தேறின பிறகுதான் அடிக்கிறார். எலும்பு கூடிக்கிட்டு வருது, கையில பலம் வருது. இனிமே இந்த ஆளுக்கு நான் தேவைப்படமாட்டேன்னு தெரிஞ்ச நேரத்துல உடைக்கிறார்.

எங்க தொழில்ல எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே இலக்குதான். டிஸ்சார்ஜ். நோயாளி நம்மளைத் திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்து போகணும். ஆனிக்கு அந்த டிஸ்சார்ஜ்தான் பயம்.

அக்கறைக்கும் ஆக்கிரமிப்புக்கும் வித்தியாசம் எங்க இருக்குன்னு என்னைக் கேட்டா இதைத்தான் சொல்வேன். நீங்க தேறும்போது அவங்க முகம் மலருதா, சுருங்குதா?

8/
"டாக்டர், அது சைக்கோ கேஸ். அதைப் போய் இவ்ளோ ஆராயணுமா?"ன்னு கமெண்ட் வரும். அதுக்கும் பதில் சொல்லிடறேன்.

ஆனிக்கு மனநலப் பிரச்சனை இருக்கு. மறுக்கல. மழை பெய்யுற அந்த ராத்திரிக் காட்சியைப் பாருங்க. முகத்துல உயிரே இல்லாம வந்து உட்காருவார். கையில துப்பாக்கி. தன்னை மாதிரி ஒருத்தியைப் பாலை மாதிரி ஒரு ஆள் என்னைக்கும் நேசிக்கப் போறதில்லைன்னு அவரே சொல்கிறார்.

எதிராளி தன்னைக் காதலிக்கிறார்னு உறுதியா நம்புற ஒரு மனநோய் உண்டு. 1921-லயே கிளெராம்போ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் அதை விரிவா எழுதியிருக்கார். ஆனி அந்த வகைகூட இல்லை. அவருக்கு உண்மை தெரியும். பால் தன்னை விரும்பலைன்னு தெரிஞ்சேதான் பிடிச்சு வெச்சிருக்கார்.

அந்தக் காட்சியில எனக்கு ஆனியைப் பார்த்துப் பாவமா இருந்தது. அந்த வீட்டுக்கு அவருக்காக வர ஒரு ஆள் இல்லை.

9/
ஆனா அவர் செய்த குற்றங்களைப் பாருங்க. ஷெரீஃப் தேடி வந்தப்போ சிரிச்ச முகத்தோட உபசரிச்சு, பொய் சொல்லிச் சமாளிக்கிறார். சுத்தியல் எடுக்கிறப்போ படத்துலயே அவர் அவ்வளவு நிதானமா இருக்கிற இடம் வேற இல்லை. அழுறப்போ இல்லை, கத்துறப்போ இல்லை, நிதானமா இருக்கிறப்போ செய்கிறார். எல்லாத்தையும் 'பைத்தியம்'ங்கிற ஒரே பெட்டியில போட்டுப் பூட்டிட்டா, படம் சொல்றது நம்ம காதுல விழாது.

இன்னொண்ணு. மனநோய் உள்ளவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க யாரையும் தாக்குறதில்லை. அவங்க அடிக்கிறதைவிட அடி வாங்குறதுதான் அதிகம். ஆனா ஓ.பி.யில "மனநல டாக்டரையும் ஒரு தடவை பாருங்களேன்"னு சொன்னா, "நான் என்ன சைக்கோவா டாக்டர்?"னு எழுந்து போயிடறாங்க. அந்த வார்த்தையை அவங்களுக்குக் கத்துக்கொடுத்தது சினிமாதான். 'மிசரி'க்கும் அதுல பங்கு இருக்கு. எனக்குப் பிடிச்ச படம்தான், ஆனாலும் இதைச் சொல்லாம போக முடியாது.

10/
ரசிகை விஷயத்துக்கு வருவோம்.

ஆனி முட்டாள் ரசிகை இல்லை. மிசரியை உயிர்ப்பிச்சு எழுதச் சொன்னதும் பால் ஒப்புக்கு ஒரு அத்தியாயம் எழுதித் தருகிறார். ஆனி படிச்சுட்டு, இது ஏமாத்து வேலை, போன கதையில நடந்ததோட இது ஒத்துப்போகலைன்னு சண்டை போடுகிறார். அவர் சொல்றது சரி! பால் மறுபடி எழுதுகிறார், நல்லா எழுதுகிறார்.

கதையை நல்லாப் படிக்கிறவர்தான். கதாபாத்திரத்தை நேசிக்கிறவர்தான். ஆனா நான் நேசிக்கிறேன், அதனால இது எனக்குச் சொந்தம்னு ஒரு படி தாண்டுகிறார் பாருங்க, எல்லாக் கொடுமையும் அந்த ஒரு படியிலதான் இருக்கு. எழுத்தாளரைக் காப்பாத்தினதும் சேர்ந்துடுச்சு. ரசிகையா ஒரு உரிமை, உயிர் கொடுத்தவளா ஒரு உரிமை. ரெண்டையும் சேர்த்து அந்த ஆளையே பூட்டிட்டார்.

ஸ்டீபன் கிங் பிற்காலத்துல சொன்னது, ஆனிங்கிறது தன்னோட போதைப் பழக்கம்தான்னு. அதையும் ஒரு டாக்டரா என்னால நம்ப முடியுது. போதையும் முதல்ல வலியைப் போக்கத்தான் வருது. அப்புறம் கதவைப் பூட்டுது.

11/
இப்போ என் கதை ஒண்ணு. அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ராத்திரி ஒரு பெண்ணைக் கூட்டிட்டு வந்தார் கணவர். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம், கை வீங்கியிருக்கு. அந்த ஆளைப் பார்த்தா அவ்வளவு அன்பு. எக்ஸ்ரே கவரால விசிறி விடறார். தண்ணியைத் தானே வாயில வெச்சுக் கொடுக்கிறார். நான் அந்தப் பெண்ணைக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்றார்.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? 'இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்'னு.

12/
எக்ஸ்ரே பார்த்தேன். முன்கையில சுண்டுவிரல் பக்கம் இருக்கிற எலும்பு, நடுவுல உடைஞ்சிருக்கு. அது மட்டும்தான்.

விழும்போது நாம கையை ஊனுவோம். அப்போ பெரும்பாலும் உடையறது மணிக்கட்டுப் பக்கம். அந்தச் சுண்டுவிரல் பக்க எலும்பு மட்டும் நடுவுல உடைஞ்சிருந்தா, முகத்துக்கு வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாங்களான்னு கேட்கணும். ஃபைனல் இயர் பாடத்துலயே இருக்கு. பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அன்னைக்கு என் கண்ணுக்கு முன்னாடி எக்ஸ்ரே இருந்தது, மூளையில அது ஏறல. அந்த அன்பு அவ்வளவு நல்லா மறைச்சிருந்தது.

13/
கண்டுபிடிச்சது சிஸ்டர். எங்க கேஷுவால்டியில இருந்த சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்.

"தம்பி, ஆதார் கார்டும் காப்பீட்டு அட்டையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. வெளிய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை திறந்திருக்கும்"னு அவரை அனுப்பிட்டாங்க. போக மனசே இல்லாம போனார்.

அவர் தலை மறைஞ்சதும் திரையை இழுத்து மூடிட்டு, அந்தப் பெண் பக்கத்துல உட்கார்ந்து கேட்டாங்க: "ஏம்மா, உன் போன் ஏன் அவர் சட்டைப் பையில இருக்கு?"

அந்தப் பெண் அழ ஆரம்பிச்சாங்க.

அப்புறம் சிஸ்டர் என்கிட்ட சொன்னது: "டாக்டர், ரெண்டு தடவை அந்த போன் அடிச்சுது. அம்மான்னு வந்துச்சு. அவர் கட் பண்ணிட்டார். நீங்க கவனிக்கலையா?"

நான் கவனிக்கல.

14/
'மிசரி'யில இந்த இடம் அப்படியே வரும். பால் ஹேர்பின்னால பூட்டைத் திறந்து, சக்கர நாற்காலியில தட்டுத் தடுமாறி வெளிய வந்து போனைப் பிடிக்கிறார். தூக்கினா வெறும் கூடு. உள்ள ஒண்ணுமே இல்லை.

இப்போ மறுபடி பார்த்தப்போ அந்தக் காட்சியில படத்தை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்னைக்கு அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஏ.ஆர். புக்ல பதிஞ்சோம். போலீஸுக்குத் தகவல் போச்சு. அதுக்கப்புறம் கேஸ் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. மாவுக்கட்டு பிரிக்க வந்தப்போ அவங்க அம்மாவோட வந்தாங்க. போன் அவங்க கையில இருந்தது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

சினிமாவுல நர்ஸ் பூட்டினார். எங்க கேஷுவால்டியில ஒரு நர்ஸ் திறந்தாங்க. அவங்க இல்லாம இருந்திருந்தா, மாவுக்கட்டு போட்டு, மாத்திரை எழுதி, அதே ஆள் கையில டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

15/
டாக்டர்களும் இதுல தப்பிக்க முடியாது. "எனக்கு என்ன மாத்திரை டாக்டர் இது?"ன்னு நோயாளி கேட்டா, "சொன்னதைச் சாப்பிடுங்க"ன்னு சலிச்சிருக்கோம். நான் சலிச்சிருக்கேன். ஓ.பி.யில நூறு பேர் நிக்கிறாங்கங்கிறது உண்மைதான். ஆனாலும் அது அவங்க உடம்பு. கேட்க உரிமை இருக்கு.

வீட்டுலயும் பாருங்க. பக்கவாதம் வந்த அப்பாவை, இடுப்பு எலும்பு உடைஞ்ச அம்மாவை ராப்பகலா பார்த்துக்கிற பிள்ளைங்க எத்தனையோ பேர். பெரும்பாலானவங்க தெய்வம் மாதிரி. அவங்களைக் குத்திக்காட்ட இதை எழுதல. கூடவே, ஒரு ஆளே ராப்பகலா பார்த்துக்கிற வீட்டுல அந்த ஆளுக்கும் ஓய்வு வேணும். வேற ரெண்டு பேர் வந்து போகணும். அது படுத்திருக்கிறவருக்கும் பாதுகாப்பு, பார்த்துக்கிறவருக்கும் பாதுகாப்பு.

16/
நீங்க கவனிக்க வேண்டியது, சுருக்கமா:

ஒருத்தர் உங்களை ரொம்பப் பார்த்துக்கிறாங்க. ஆனா உங்க போன், பணம், மாத்திரை மூணும் அவங்ககிட்டயே இருக்கா?

டாக்டர் உங்களைக் கேட்டா அவங்களே பதில் சொல்றாங்களா?

உங்க அம்மா, நண்பர்கள், அக்கம்பக்கம் ஒவ்வொருத்தரா வர்றது குறைஞ்சுடுச்சா?

நீங்க தனியா ஏதாவது செய்ய ஆரம்பிச்சா, "நான் உனக்காக எவ்ளோ பண்ணியிருக்கேன்"னு கணக்குச் சொல்றாங்களா?

இதுல ஒண்ணு இருந்தா உடனே முடிவு கட்ட வேண்டாம். எல்லாமே இருந்தா, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க. பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டுமே இலவசம். ஆஸ்பத்திரிக்கு வந்தா, "டாக்டர், தனியா பேசணும்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆளை வெளிய அனுப்பறது எங்க வேலை.

17/
படத்தோட கடைசிக்கு வரேன். பால் தப்பிக்கிறார். எப்படின்னு நினைக்கிறீங்க? ஆனி அவரை எழுத வைக்கக் கொண்டு வந்த அந்தக் கனமான டைப்ரைட்டரை, ஆனி இல்லாத நேரத்துல தூக்கித் தூக்கிக் கையில பலம் ஏத்துகிறார். பிசியோதெரபி! கடைசியில ஆனி தலையில விழுறதும் அதே டைப்ரைட்டர்தான்.

ஆனா முடிவு சந்தோஷமா இல்லை. பதினெட்டு மாசம் கழிச்சு நியூயார்க்ல ஒரு ரெஸ்டாரண்ட். பரிமாற வர்ற பெண்ணைப் பார்த்தா அவருக்கு ஆனியாத் தெரியுது. கால் நடக்குது. ஆனா உள்ள இருக்கிறது இன்னும் ஆறல. அந்தப் பெண் அவரோட பெரிய ரசிகைன்னு சொல்றப்போ பால் சிரிக்கிற சிரிப்பைப் பாருங்க. இப்படிச் சிரிக்கிறவங்களை ஓ.பி.யில பார்த்திருக்கேன்.

படம் பாக்காதவங்க பாருங்க. ஏற்கெனவே பார்த்தவங்க, அந்தச் சுத்தியலை விட்டுட்டு மாத்திரை டப்பாவைக் கவனிச்சு ஒரு தடவை பாருங்க.

அப்படியே, உங்க தெருவுல, சொந்தத்துல யாராவது முடியாம படுத்திருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. பத்து நிமிஷம் அவங்களோட தனியா உட்காருங்க. அவங்க போன் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க.